பல்லுக்கு முளைத்த கொம்பு

காலையில் அம்சமாக இருந்த முன்பல்லுக்கு மத்தியானத்துக்குள் ஒரு கொம்பு முளைத்துவிட்டது.

"கொம்பு" என்றார் லிஃப்ட்காரர், திரையை நோக்கி விரலை நீட்டி.

"தெரியுது" என்றாள் அவர் மனைவி.

"இந்தப் பக்கம், மேல."

"தெரியுதுங்க. நான்தானே வரையறேன்."

அவள் தொழில் பல் வரைவது. பல் டாக்டர்கள் ஆட்களின் வாய்க்குள் கருவியை விட்டுப் படமெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். லேப் அதை இவள் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும். உடைந்த பல் இருந்த இடத்தில் புதுப்பல் ஒன்றை இவள் மவுஸால் இழுத்து, சீவி, வழித்து உருவாக்கித் திருப்பி அனுப்பினால், லேபில் இருக்கும் இயந்திரம் அப்படியே கடைந்து கொடுத்துவிடும். மயிரிழை பிசகினாலும் பல் நாக்கைக் கிழிக்கும், அல்லது கன்னத்தைக் கடிக்கும். இந்த ஊரில் பாதிப்பேர் என் பெண்டாட்டி வரைந்த பல்லால்தான் சாப்பிடுகிறார்கள் என்று லிஃப்ட்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப்பேர் என்பது அநியாயத்துக்குக் கூடுதல். அவள் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட வேலைக்கு இப்போது அந்த வயரில்லாத மவுஸ் மக்கர் செய்தது. இழுத்தால் அம்புக்குறி அசையாமல் நிற்கும். சரி, நின்றுவிட்டது என்று கையை எடுக்கப் போனால், தூங்கி எழுந்ததுபோல் திடுக்கென்று ஒரு துள்ளு துள்ளும். அப்படித் துள்ளியதில் வந்ததுதான் அந்தக் கொம்பு. அவள் கொம்பை அழித்தாள். அடுத்த இழுப்பில் ஈறுப் பக்கமாக ஒரு வால் வந்தது.

லிஃப்ட்காரர் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வுபெற்றுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆனால் அக்கம்பக்கத்தார் கூப்பிடும் பெயருக்கு ஓய்வு கிடையாது, லிஃப்ட்காரர் லிஃப்ட்காரர்தான். அந்தத் தொழிலில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சட்டம்: கோளாறை விட்டு நகரக் கூடாது. லிஃப்ட் கோளாறு என்பது கூச்ச சுபாவமுள்ளது. மெக்கானிக் வந்து நின்றால் லிஃப்ட் பட்டுப்போல் ஓடும். அவர் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டியதும் மறுபடி நின்றுவிடும். மற்ற மெக்கானிக்குகள் அலைந்து அலைந்து செருப்பைத் தேய்த்தார்கள். இவர் ஒரு முக்காலியை எடுத்துப்போய் லிஃப்டுக்குள்ளேயே போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பாடும் அங்கேதான். மேலும் கீழுமாக நாள் முழுக்கப் போய் வருவார். கடைசியில் கோளாறுக்கே சலித்துப்போய் வெளியே தலைகாட்டும், இவர் அமுக்கிப் பிடித்துவிடுவார்.

அந்தச் சட்டத்தைத்தான் வீட்டிலும் அமல்படுத்தியிருந்தார். ஒரு வாரமாக அவள் நாற்காலியை ஒட்டி அவர் நாற்காலி. அவள் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். இதற்குள் பேட்டரி மாற்றியாயிற்று. மவுஸின் அடிவயிற்றைப் பஞ்சால் துடைத்தாயிற்று. அட்டை, துணி, பழைய காலண்டர், கண்ணாடி என்று அடியில் போடாத சாமான் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேசை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, காலுக்கடியில் அட்டை செருகிச் சமன் செய்தார். மேசை சமமானது, அம்புக்குறிக்கு அது உறைக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தபோதுதான் அவள் மவுஸைப் பறித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கெல்லாம் எண்ணெய் போடக் கூடாதுங்க."

"எதுக்குத்தான் எண்ணெய் போடக் கூடாது?" என்று அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

அன்று மத்தியானம் வாலையும் அழித்து முடித்த நேரத்தில் லேப் மேடத்திடமிருந்து போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, அந்த முன்பல்லு?"

"போயிட்டிருக்கு மேடம். மவுஸுதான் கொஞ்சம்..."

"இன்னும் மவுஸா? அம்மா, அவர் டிவியில செய்தி வாசிக்கறவரு. நேத்து நேரலையிலயே மைக்ல இடிச்சுப் பல்லு தெறிச்சிருக்கு. இன்னிக்கு ராத்திரிச் செய்திக்கு அவர்தான் உக்காரணும். மூணு மணிக்குள்ள டிசைன் வந்தாத்தான் நான் கடைஞ்சு குடுக்க முடியும்."

"அனுப்பிடறேன் மேடம்."

"இன்னிக்கும் இழுத்துச்சுன்னா நாளையிலேர்ந்து லேபுக்கே வந்துடுங்க. அன்னிக்கே சொன்னீங்கல்ல, வேணும்னா வர்றேன்னு? நல்ல சிஸ்டம் இருக்கு, ஏசி இருக்கு, பேச்சுத் துணைக்குப் பொண்ணுங்க இருக்காங்க."

"சரிங்க மேடம். இன்னிக்கு முடியலன்னா வந்துடறேன்" என்றாள் மனைவி.

அன்னிக்கே சொன்னாளா? லிஃப்ட் சட்டென்று கீழே இறங்கும்போது மற்றவர்களுக்கெல்லாம் வரும், தமக்கு மட்டும் வந்ததேயில்லை என்று அவர் பீற்றிக்கொண்ட அதே குழப்பம் லிஃப்ட்காரருக்கு இப்போது வந்தது.

ஓய்வுபெறும் நாளுக்காக அவர் காத்திருந்த காத்திருப்பு கொஞ்சநஞ்சமல்ல. விடிவதற்குள் போய் இருட்டிய பின் வந்து, லிஃப்ட் கூண்டின் மண்டைமேல் உட்கார்ந்து ஆறிய சோற்றைத் தின்று, ஞாயிற்றுக்கிழமையும் யாராவது சிக்கிக்கொண்டார்களென்று ஓடி, பெண்டாட்டியோடு உட்கார்ந்து ஒரு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். இனி எல்லா மத்தியானமும் நமக்குத்தான் என்று நினைத்துத்தான் பையை ஒப்படைத்துவிட்டு வந்தார். இப்போது அவள் லேபுக்குப் போய்விட்டால், இந்த வீட்டில் அவரும் ஃபிரிட்ஜும்தான். அந்த நினைப்பே அவருக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் மவுஸைத் திட்டினார்.

"உதவாக்கரை. தூக்கிப் போடு. மாப்ளைக்கு ஒரு போன் போடு."

மாப்ளை என்பது மனைவியின் தம்பி. தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அக்கா கூப்பிட்டதும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் ஒரு டப்பாவுடன் வந்துவிட்டான்.

"மாமா, இது சாதாரண மவுஸ் இல்ல. கேமிங் மவுஸு. சின்னப் பசங்க இதை வெச்சுக்கிட்டு ஒரு நாட்டையே பிடிக்கறாங்க."

"நாடெல்லாம் வேண்டாம். ஒரு பல்லு போதும்" என்றார் லிஃப்ட்காரர்.

அதன் குட்டி ரிசீவரைக் கம்ப்யூட்டரில் செருகினான். மவுஸ் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி மின்னியது. மனைவி இழுத்தாள். அம்புக்குறி நின்றது. காத்திருந்தார்கள். துள்ளியது.

"முன்னாடி சும்மா நின்னுச்சு. இப்ப கலர்கலரா நிக்குது" என்றாள் அவள்.

மாப்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. வைரஸாக இருக்கும் என்றான். மெமரி போதவில்லை என்றான். ஏதோ அப்டேட் ஓடுகிறது என்றான். ஒரு தடவை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அணைத்தும் போட்டான். அது எழுந்திருப்பதற்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு கொட்டாவி விட்டார்கள். எழுந்தது, அம்புக்குறி பழைய குணத்தை விடவில்லை.

"நான் போய் டீ போடறேன்" என்று லிஃப்ட்காரர் எழுந்தார். கோளாறை விட்டு நகர்வது சட்டப்படி குற்றம்தான். ஆனால் பாராவுக்கு மச்சினன் இருக்கிறானே என்ற தைரியம்.

சமையலறையில் தண்ணீர் கொதித்து, பால் பொங்கி, அவர் டம்ளர்களைத் தேடி எடுத்து ஊற்றும் வரை முன்னறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தட்டை ஏந்திக்கொண்டு திரும்பியவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். திரையில் பல் வழவழவென்று இருந்தது. கொம்பும் இல்லை, வாலும் இல்லை. அம்புக்குறி வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா! ஓடுது!" என்று ஆசையாக ஓடிவந்து தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்புக்குறி நின்றது. துள்ளியது. பல்லின் நட்டநடுவில் ஒரு பரு.

"அக்கா, இவ்வளவு நேரம் நல்லாத்தானே..." என்று ஆரம்பித்த மாப்ளை, "ஆ" என்று முடித்தான். மேசைக்கடியில் அக்கா அவன் காலை மிதித்திருந்தாள்.

லிஃப்ட்காரர் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர். அந்த அமைதி அவருக்குச் சரியாகப் படவில்லை.

"என்ன? சொல்லு."

"ஒண்ணுமில்ல. டீ நல்லாருக்கு."

"இன்னும் குடிக்கவே இல்லையே."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க பக்கத்துல இருந்தா ஓட மாட்டேங்குதுங்க. அந்தாண்ட போனா ஓடுது. நீங்க குளிக்கப் போனா ஓடுது, கடைக்குப் போனா ஓடுது. ஒரு வாரமா பாக்கறேன். உங்க மேல தப்பே இல்ல. என் கைதான் பதறுதுபோல. யாராவது பக்கத்துல உக்காந்து உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு..."

"அதனாலதான் லேபுக்கு வர்றேன்னு சொன்னியா?"

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது, தள்ளிப் போய் உக்காருங்கன்னு? எவ்வளவு ஆசையா வந்து உக்காந்திருக்கீங்க."

அவள் கண்ணில் தண்ணீர் திரண்டிருந்தது. மாப்ளை அந்தப் பக்கமே பார்க்காமல் மவுஸ் டப்பாவின் மேலிருந்த எழுத்துகளை வரிவரியாகப் படித்தான்.

லிஃப்ட்காரர் எழுந்து வெளியே போனார். மாடிப்படியில், லிஃப்ட் கதவுக்கு எதிரே உட்கார்ந்தார். மெக்கானிக்கைக் கண்டால் ஓடி ஒளியும் கோளாறுகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். மெக்கானிக்கைக் கண்டதும் ஓடி வரும் கோளாறை இப்போதுதான் பார்க்கிறார். அதுவும் சொந்த வீட்டில். மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவள் நிம்மதியாக வேலை செய்திருக்கிறாள், நாம்தான் வந்து கெடுத்தோம் என்று நினைத்தார். லிஃப்ட் மேலேயிருந்து இறங்கி, இந்த மாடியில் நிற்காமல், கீழே போயிற்று. அதுகூடத் தம்மை மதிக்கவில்லை என்று தோன்றியது.

அந்த லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பழைய அதிகாரி ஒருவரின் நினைவு வந்தது. ஒரு பெரிய ஆபீஸ். அந்த அதிகாரி ஏறினால் மட்டும் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். ராசியில்லாதவர் என்று ஆபீஸே ஒதுக்கிவைத்தது. அவர் ஏறினால் மற்றவர்கள் மடமடவென்று இறங்கிவிடுவார்கள். பாவம், மனிதர் படியேறியே இளைத்துப்போனார். அன்றைக்கு இவர்தான் சத்தம் போட்டார்: "மெஷினுக்கு ஆள் தெரியாதுய்யா! அதுக்கு ராசியும் தெரியாது, ஜாதகமும் தெரியாது!" முக்காலியைப் போட்டு அந்த அதிகாரி கூடவே மேலும் கீழும் போய்ப் பார்த்தார். மனிதர் லிஃப்டில் ஏறியதும் பட்டன் பலகைமேல் சாய்ந்துகொள்வார். அவர் பெல்ட்டின் பித்தளைக் கொக்கி நிறுத்தும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"ஆள் இல்ல" என்று லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சொன்னார். "ஆள்கிட்ட என்ன இருக்கு, அதைப் பாக்கணும்."

எழுந்தார். வாசலில் இருந்த செருப்பு அலமாரிமேல் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்தார். சீப்பு. மூக்குக் கண்ணாடிக் கூடு. எங்கே போனாலும் விடாத டெஸ்டர். சாவிக்கொத்து. போன். அதோடு விட்டாரா? சட்டை பட்டன்மேலும் சந்தேகம் வந்து சட்டையையும் கழற்றிப் போட்டார். எதிர்வீட்டம்மாள் கதவைத் திறந்தவள், பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள்.

பனியனோடு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவரைப் பார்த்து மனைவி பதறிவிட்டாள்.

"என்னங்க இது! சட்டை எங்க?"

"ஓட்டு."

"எதை?"

"மவுஸை ஓட்டு!"

ஓட்டினாள். ஓடியது. அவர் ஒரு எட்டு முன்னே வந்தார், ஓடியது. தம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் காதுக்கருகே தலையை நீட்டி மூச்சுவிட்டார். அம்புக்குறி அசரவில்லை.

"இப்ப கை பதறுதா?"

"இல்ல" என்றாள் அவள். "சிரிப்புதான் வருது."

"சிரிக்காத, ஓட்டு. மாப்ள, வெளிய அலமாரி மேல இருக்கறதை ஒவ்வொண்ணா எடுத்துட்டு வா."

சட்டை வந்தது, மவுஸ் ஓடியது. சீப்பு வந்தது, கூடு வந்தது, சாவி வந்தது, ஓடியது. டெஸ்டர்மேல் அவருக்குப் பலத்த சந்தேகம் இருந்தது, அதற்கும் ஓடியது. கடைசியாக மாப்ளை போனை ஏந்திக்கொண்டு வந்தான். மேசையை நெருங்கினான்.

அம்புக்குறி நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். துள்ளியது.

"வெளிய போ!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். மாப்ளை போனான். ஓடியது. "வா!" வந்தான். நின்றது. "போ!" போனான். மாப்ளையைக் கடைக்காரன் என்றும் பாராமல் வாசலுக்கும் மேசைக்கும் நடக்கவிட்டு, திகட்டும் வரை பார்த்துவிட்டு, அவர் நாற்காலியின் மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"நான் இல்ல! போன்! நான் இல்லவே இல்ல!"

மாப்ளை போனை நோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, ஹாட்ஸ்பாட் ஏன் ஆன்லயே இருக்கு?"

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினார். போன வாரம் ஒரு நாள் இன்டர்நெட் நின்றுபோய், ஏதோ ஒரு கடைவாய்ப்பல்லை அனுப்ப முடியாமல் இவள் அழாத குறை. அன்றைக்கு அவர்தான் தம் போனிலிருந்து நெட் கொடுத்து அவளைக் காப்பாற்றினார். அப்புறம் அதை அணைக்கவில்லை.

"திரும்ப ஒரு நாள் நின்னு போச்சுன்னா?" என்றார், குரல் இறங்கி. "அவ திண்டாடக் கூடாதுல்ல. அதான், கூடவே இருக்கட்டும்னு பையிலயே வெச்சிருந்தேன்."

"அதான் விஷயம். நீங்க கிட்ட வந்ததும் கம்ப்யூட்டர் உங்க போனைப் பிடிச்சுக்குது. ஊர்ல இருக்கற வாயோட படமெல்லாம் அது வழியாத்தான் வருது, போகுது. அதே காத்துலதான் மாமா மவுஸும் பேசணும். ஒருத்தர் தொண்டை கிழியக் கத்துனா, பக்கத்துல மெல்லப் பேசறவங்க பேச்சு எங்க கேக்கும்?"

மனைவி அவரையே பார்த்தாள். வாயை ஒருமுறை திறந்து மூடினாள். திட்டுவதற்குத்தான் திறந்தாள் என்றும், வேறெதற்கோ மூடினாள் என்றும் சொல்லலாம்.

"உதவி பண்ணப் போய்..." என்று அவர் அசடு வழிந்தார்.

"முதல்ல சட்டையைப் போடுங்க" என்றாள்.

ஹாட்ஸ்பாட்டை அணைத்தால் போதும் என்று மாப்ளை தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். லிஃப்ட்காரர் அணைத்தார். அப்புறமும் நம்பிக்கை வராமல் போனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடி, சமையலறை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு வந்தார். கையோடு வெளியே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "நான் இல்லீங்க, போனுதான்" என்று அந்த அம்மாளிடமும் சொன்னார். அவள் எதுவும் புரியாமல் தலையாட்டினாள்.

பல் அதன்பிறகு தண்ணீர் ஓடுவதுபோல் முடிந்தது. அவர் கோளாறு போன இடத்தையும் விட்டு நகராமல் பக்கத்திலேயே இருந்தார்.

"அந்த ஓரம் கொஞ்சம் தூக்கலா இல்ல?"

"அது அப்படித்தான் இருக்கணும்."

"சரி. இந்தப் பக்கம்?"

"என்னங்க."

"சரி, சரி."

கெடுவுக்குள் பல் லேபுக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். செய்தி வாசிப்பவர் வந்தார். வெள்ளம் என்றார், விலைவாசி என்றார், எங்கேயோ பாலம் இடிந்ததென்றார். ஒவ்வொன்றுக்கும் உதட்டை அளவாகத்தான் திறந்தார்.

"ஒரு நல்ல செய்திகூடவா கிடைக்கல இவங்களுக்கு?" என்று லிஃப்ட்காரர் டிவியைத் திட்டினார்.

கடைசியில், விடைபெறும்போது, அந்த மனிதர் பளிச்சென்று சிரித்தார். கொம்பில்லாத, வாலில்லாத, பருவில்லாத முன்பல். லிஃப்ட்காரர் எச்சில் கையோடு கைதட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் லேப் மேடம் மறுபடி கூப்பிட்டார். மனைவிக்கும் எச்சில் கை. இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"கச்சிதம்மா! டாக்டரே போன் பண்ணிப் பாராட்டினார். நாளைக்கு எப்ப வர்றீங்க? உங்களுக்குன்னு ஜன்னலோர சீட் ஒதுக்கி வெச்சிட்டேன்."

லிஃப்ட்காரர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். கோளாறு போனால் அவள் இருந்துவிடுவாள் என்றுதானே நினைத்திருந்தார்? ஏசி, ஜன்னல், பேச்சுத்துணை. அவள் இடத்தில் நாம் இருந்தால் போயிருப்போம் என்று அவருக்கே பட்டது. அவள் பக்கம் திரும்பத் தைரியமில்லை. ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அதை உற்றுப் பார்த்தார்.

"இல்லைங்க மேடம்" என்றாள் மனைவி. "நான் வீட்லயே பண்ணிடறேன்."

"மவுஸு? நாளைக்கு மறுபடி மக்கர் பண்ணுச்சுன்னா?"

"பண்ணட்டும் மேடம். மெக்கானிக் பக்கத்துலயே இருக்கார்."

லிஃப்ட்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார். சோப்பு விளம்பரத்துக்கெல்லாம் யாரும் கண் கலங்குவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.